கிரைண்டர் தூளும் கண் டாக்குத்தரும்

தவராசாவை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்திருக்கிறேன். என் இடது கைப் பெருவிரல் அவனுடைய வலது கண்ணின் மேல் இமையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வலது கையில் வெற்றிலைக் காம்பு. சுற்றி நாலைந்து பேர். ஒருவர் இரும்புக் கேட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர், ஒருவர் உடைந்த சைக்கிளை ஒட்ட வந்தவர், மற்றவர்கள் சும்மா வந்தவர்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அசையாத மச்சான். மேல பாரு. இன்னும் மேல."

"பாத்துட்டுத்தான் இரிக்கன் அத்தான். சுறுக்கா எடுங்க."

காம்பின் நுனி கருவிழியைத் தொட்டுக்கொண்டு வந்தது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி. எள்ளில் கால்வாசி இருக்கும். அதை என் பெருவிரல் நகத்தில் வைத்துச் சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். கோயிலில் விபூதித் தட்டைக் காட்டுவதுபோல் ஒருவரையும் விடாமல் காட்டினேன்.

"ஆசுபத்திரி டாக்குத்தர் உங்களுக்கிட்ட வந்துதான் படிக்கணும்" என்றார் சைக்கிள்காரர்.

நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கம் பல வருடப் பழக்கத்தில் வந்தது. புகழுக்கு ஆசைப்படாதவன் எப்படிச் சிரிப்பான் என்று யோசித்து யோசித்துப் பழகியது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் வெல்டிங் பிளாண்ட் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஆரையம்பதி வாசகர் ஒருவர், "இவர் தன்னைப் பற்றியே பெருமையாக எழுதுகிறார்" என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு இந்த வாரம் மனம் ஆறும். தவராசாவின் வலது கண்ணுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

தவராசா என் மனைவி பூமணியின் தம்பி. செட்டிபாளையத்தில், பெரிய றோட்டோரம் இருக்கிற என் இரும்பு வேலைக் கடையில் ஆரம்பத்திலிருந்தே இரும்பு வெட்டும் கிரைண்டர் பிடிக்கிறவன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் என் கடை. இரண்டு பக்கத்து உப்புக் காற்றும் வந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் இடத்தில் யாராவது இரும்புக் கடை போடுவானா என்று கேட்டால், நான் போட்டேன். துருப்பிடித்த கேட்டை மாற்ற ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் அல்லவா?

தவராசா டேப் இல்லாமலே அளவு சொல்லுவான். ஒரு கம்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் நடுவே வெட்டுவான். மாவட்டத்தில் அப்படி ஒரு கண் வேறு யாருக்கும் இருக்கவில்லை என்று நான் இன்றைக்கும் சொல்வேன். இருக்கிறது என்று சொல்லாமல் இருந்தது என்று சொல்லவேண்டி வந்ததற்கு நான்தான் காரணம்.

மூடி கழன்ற கதை

முதல் கிரைண்டர் எங்கள் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. பெட்டிக்குள் மெசின், சக்கரம் கழற்ற ஒரு சாவி, ஒரு சிறு புத்தகம். புத்தகத்தில் பல பாஷை இருந்தது, எங்கள் பாஷை இல்லை. ஆனால் படம் இருந்தது. படத்தில் ஒருவன் கண்ணை மூடிய கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு மறைப்பு, கைக்கு உறை, காலுக்கு முழுச் சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு நின்றான்.

தவராசா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"அத்தான், இவன் கம்பி வெட்டப் போறானா, சந்திரனுக்குப் போறானா?"

கடை முழுக்கச் சிரிப்பு. அந்தப் புத்தகத்தின் வேலை அத்தோடு முடிந்தது.

மெசினில் வெட்டும் சக்கரத்தின் பாதியை மறைத்து ஓர் இரும்பு மூடி இருக்கும். சக்கரம் உடைந்தால் துண்டு நம்மேல் பாயாமல் தடுப்பது அதுதான். நாங்கள் மெசினுக்குச் செய்த முதல் காரியம் அந்த மூடியைக் கழற்றியது. வெட்டுகிற கோடு தெரியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பெரிய மெசினில் தேய்ந்துபோன சக்கரத்தை வீசாமல் எங்கள் சின்ன மெசினில் மாட்டலாம், மூடி இல்லாவிட்டால். சின்ன மெசின் பெரியதைவிட வேகமாகச் சுற்றும், அந்தச் சக்கரம் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதில்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாட்டியிருப்போம்.

ஒரு நாள் அப்படி மாட்டிய சக்கரம் வெடித்தது. ஒரு துண்டு தவராசாவின் காதோரமாகப் போய்க் கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. அதன்பிறகு ஒரு கிழமை முழுக்க நாங்கள் கதைத்ததெல்லாம் கூரையைப் பற்றித்தான். மாரி வரப்போகிறதே, ஓட்டையை எப்படி அடைப்பது என்பதுதான் கவலை. அந்தத் துண்டு நாலு விரல் இந்தப் பக்கம் போயிருந்தால் எதை அடைத்திருப்போம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கழற்றிய மூடியும் வீணாகவில்லை. அதைக் கவிழ்த்துப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துச் சாம்பிராணி போட்டோம். எங்கள் கடையில் அந்த மூடி பாதுகாத்தது சாம்பிராணியை மட்டும்தான்.

எங்கள் பாதுகாப்பு விதிகள்

இதைப் படித்துவிட்டு எங்களிடம் ஒழுங்கே இல்லை என்று நினைக்கவேண்டாம். இருந்தது. எழுதி வைக்கவில்லையே தவிர, ஒருவரும் மீறியதில்லை.

வெட்டுகிறவன் குந்தியிருக்க வேண்டும். கம்பியை இடது காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். அந்தக் காலுக்கு மட்டும் றப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், அது அவரவர் விருப்பம். சாரனைத் தொடை வரைக்கும் மடித்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நெருப்புப் பொறி பட்டுத் துணியில் ஓட்டை விழும். காலில் படலாமா என்று ஒருமுறை பூமணி கேட்டதற்கு, "சாரன் புதுசு, கால் பழசுதானே அக்கா" என்றான் தவராசா.

அந்தச் சாரன் ஒரு நாள் சக்கரத்தில் சிக்கியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முழுச் சாரனையும் மெசின் சுருட்டி எடுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வான் ஒன்று றோட்டால் போனது. தவராசா கிரைண்டரையே முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று கிராமம் சிரித்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன். அந்த மெசின் நிற்காமல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் என்ற நினைப்பு இப்போது வருகிறது, அப்போது வரவில்லை.

கண்ணுக்கும் ஒரு விதி இருந்தது. வெட்டும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வது. ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும் என்பது கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, கண்ணில் தூள் விழுந்தால் அத்தான் இருக்கிறார் என்பது.

அந்த அத்தான் நான்தான். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தேன். முதலில் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து இழுத்துப் பார்ப்பேன். வராவிட்டால் லேஞ்சித் துணியின் முனை. அதற்கும் வராவிட்டால் வெற்றிலைக் காம்பு. களுவாஞ்சிக்குடியிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் ஒட்டுவேலைக்காரர், மேசன், பைபர் தோணி திருத்துகிறவர் என்று ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். "கண் டாக்குத்தர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். குருக்கள்மடத்துத் தோணிக்காரர் ஒருவர் நன்றிக்கு ஒரு கோர்வை வாவி நண்டு கொண்டுவந்து தந்தார். பூமணி அதைக் கறியாக்கியபோது, நான் சம்பாதித்த எதையும்விட அது ருசியாக இருந்தது.

வருகிறவர்கள் சாய்ந்து உட்காருவதற்கென்று கைபிடி வைத்த கதிரை ஒன்றை நானே ஒட்டிச் செய்து வாசலில் போட்டிருந்தேன். கடையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கிடையாது. தூள் எடுக்கக் கதிரை இருந்தது.

வெல்லாவெளிப் பிள்ளை

ஒருமுறை மட்டக்களப்பில் எங்களைப்போலக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சல் உண்டு என்றதால் எல்லாரும் போனோம். படிப்பிக்க வந்தது சுகந்தி என்று ஒரு பிள்ளை. வெல்லாவெளியில் வயல்காரக் குடும்பம் என்றார்கள். எங்களுக்கெல்லாம் மகள் வயது. மேசைமேல் கிரைண்டரை வைத்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு மூடி எங்க?" என்று ஒரு கடைக்காரர் கொண்டுவந்திருந்த மெசினைக் காட்டிக் கேட்டது.

"அது இடைஞ்சல் புள்ள" என்றார் அவர்.

"எங்கட வயல் வட்டையில வரம்புப் புல்லு வெட்டுற மெசினுக்கே மூடி போட்டுத்தான் வெட்டுற. நீங்க வெட்டுறது இரும்பு."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னது. மூடியைக் கழற்றக்கூடாது, அதன் முதுகு நம் பக்கம் இருக்க வேண்டும். மெசினுக்கு எழுதியிருக்கிற வேகமும் சக்கரத்துக்கு எழுதியிருக்கிற வேகமும் பொருந்த வேண்டும். கீறல் விழுந்த சக்கரம், ஈரம் பட்ட சக்கரம் மாட்டக்கூடாது. சக்கரம் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கம்பியைக் காலால் பிடிக்காமல் இடுக்கியில் இறுக்க வேண்டும். சாரனோடு வெட்டக்கூடாது. சக்கரத்துக்கு நேரே நிற்கக்கூடாது. சுவிச்சை நிறுத்தினாலும் சக்கரம் முற்றாக நிற்கும் வரைக்கும் கீழே வைக்கக்கூடாது. பக்கமும் மூடிய கண்ணாடி போட வேண்டும். இவ்வளவையும் நான் பிழையில்லாமல் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு எல்லாம் காதில் விழுந்தது என்று அர்த்தம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"இந்த வருசத்துக்குள்ள கண்ணுல தூள் விழுந்தாக்கள் கையைத் தூக்குங்க" என்றது பிள்ளை.

எல்லாக் கையும் எழும்பியது.

"ஆர் எடுத்தது?"

அத்தனை விரலும் என்னைக் காட்டின. நான் எழும்பி நின்று கும்பிட்டேன். பொன்னாடை ஏதும் போர்த்துவார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. "ஐயா, கண்ணுக்குள்ள இரும்பு போனா ஒருத்தரும் தொடக்கூடாது. கசக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. மெல்லமா மூடிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போகணும். நீங்க நல்ல மனசோடதான் செய்றீங்க. ஆனா இனிச் செய்யாதீங்க."

நான் உட்கார்ந்தேன். சோற்றுப் பார்சலில் அன்றைக்கு உப்புக் கூட என்று குறை சொன்னேன்.

வரும்போது எனக்கும் கூட வந்த தவராசாவுக்கும் ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி தந்துவிட்டார்கள். கொண்டுவந்து மேசையில் வைத்தோம். இரண்டு நாளில் ஆயுதங்களுக்குப் பூசை வைக்கிற வாணி விழா. மெசின், சுத்தியல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி அடுக்கியபோது கண்ணாடிகளையும் அடுக்கினோம். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கண்ணாடிக்கு எங்கே வைப்பது? இரண்டு வில்லையிலும் நடுவில் வைத்தோம். பூசையில் வைத்த பொட்டை அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. போட்டுப் பார்த்தால் உலகம் சிவப்பாகத் தெரிந்தது. கடைசியில் இரண்டையும் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினோம். பிள்ளையாருக்கு ஒரு தூளும் விழவில்லை.

சடங்குக்கு ஐந்து நாள்

இனி, முதலில் சொன்ன அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு. வருடத்தில் ஒருமுறைதான் அம்மன் கதவு திறக்கும். அந்தக் கதவு திறக்கிற நாளுக்கு முன்னால் வெளிவாசலுக்கு இரட்டைக் கேட் போட்டுத் தருவதாகக் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் இலை. ஐந்தே நாள்.

திங்கள் காலையில் தவராசாவின் கண்ணில் தூள் விழுந்தது. காந்தத்துக்கு வரவில்லை, லேஞ்சிக்கு வரவில்லை, காம்புக்கு வந்தது. அந்தக் காட்சியைத்தான் மேலே எழுதினேன். எடுத்து முடித்துக் கண்ணைக் கழுவிவிட்டு அவன் திரும்பவும் குந்திவிட்டான்.

செவ்வாய்க்கிழமை கண் சிவந்திருந்தது. தண்ணீர் வடிந்தது.

"அத்தான், அரை நாள் விடுறீங்களா? டவுனில ஒரு அலுவல் இரிக்கி."

"என்னடா அலுவல்?"

"சும்மா ஒரு சின்ன அலுவல்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கதவு திறக்க நாலு நாள் இரிக்கி. இப்பதான் உனக்கு டவுன் அலுவலா? சடங்கு முடியட்டும், ஒரு கிழமை நில்லு, ஆர் கேக்கப்போறா?"

அவன் சாரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெசினைக் கையில் எடுத்தான்.

புதன் இரவுச் சாப்பாட்டின்போது பூமணி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வியாழன் காலையில் கதைத்தாள்.

"இஞ்சாருங்க, தம்பிட கண் நல்லால்ல. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தூள் வந்திட்டுகா. நான் கண்ணாலே பாத்தன். இனி ஆறிரும்."

"ஆறுற கண்ணு இப்பிடியா வீங்கும்?"

நான் ஏன் போகவில்லை என்பதை இப்போதாவது உண்மையாக எழுதுகிறேன். வேலை அவசரம் என்பது பாதிதான். கண் டாக்குத்தர் தன் மச்சானையே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும் என்பது மற்றப் பாதி. அந்தப் பாதிதான் பெரியது.

வெள்ளிக்கிழமை கேட்டின் இரண்டு கதவையும் நிறுத்திச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் கட்டை. தவராசா கையால் வெட்டியது இரண்டு விரல் பிழைத்ததை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. வாயில் வந்தபடி ஏசினேன். கோயில் வேலையில் இப்படிச் செய்வாயா, நித்திரையா என்றெல்லாம் கத்தினேன்.

அவன் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அத்தான், கோடு தெரியிதில்ல."

"என்ன?"

"வலக்கண்ணுல கோடு தெரியிதில்ல. வெள்ளையாக் கிடக்கு. ரெண்டு நாளா."

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பூமணிக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவள் கைப்பையோடு வந்து நின்றாள். றோட்டில் போன ஓட்டோவை மறித்தாள்.

"நீங்க கேட்டோட நில்லுங்க. நான் என்ட தம்பியக் கூட்டிட்டுப் போறன்."

நானும் ஏறினேன். ஒருவரும் எனக்கு இடம் விடவில்லை. சாரதிக்குப் பக்கத்தில் நுனியில் தொற்றிக்கொண்டு போனேன்.

"நானேதான் எடுத்தன்"

கண் வைத்தியர் ஒரு பெண். ஒடிசலான ஆள், குரல் மட்டும் பெரியது. கண் பார்க்கும் கருவியில் தவராசாவின் நாடியை ஊன்ற வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப விழுந்தது?"

"திங்கக்கிழமை டொக்டர்."

"இண்டைக்கு வெள்ளி. ஆர் இதை நோண்டினது?"

நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். நான் சுவரைப் பார்த்தேன்.

"நானேதான் எடுத்தன் டொக்டர்" என்றான் தவராசா.

"எதால?"

"வெத்திலைக் காம்பால."

அதற்குப் பிறகு அவர் ஏசிய ஏச்சை நான் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் எனக்கு வரவேண்டியது, அவன் வாங்கிக்கொண்டிருந்தான். இரும்பு செய்த காயம் குண்டூசி முனை அளவுதானாம். அன்றைக்கே வந்திருந்தால் எடுத்து, மருந்து விட்டு, நாலைந்து நாளில் வேலைக்கு அனுப்பியிருப்பாராம். காம்பு கீறியிருக்கிறது. காம்பிலிருந்த பூஞ்சணம் அந்தக் கீறலில் பிடித்துக் கருவிழியிலே புண்ணாகியிருக்கிறது. கண்ணைத் தின்றுகொண்டிருப்பது இரும்பு இல்லை, வெற்றிலைக் காம்பு.

தவராசாவை வார்டில் வைத்துக்கொண்டார்கள். மணிக்கொருதரம் மருந்து. பூமணி பக்கத்தில் இருந்தாள். நான் காலையில் சாப்பாடு கொண்டுபோவேன், பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுபோவேன். தவராசாதான் எனக்கு ஆறுதல் சொன்னான். "கேட் என்னாச்சு அத்தான்?" என்று கேட்டான். கட்டையாகிப்போன கதவுக்கு ஒரு துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டேன் என்றேன். வண்ணக்கர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மன் கதவு திறந்தது, சனம் வந்தது, அந்த ஒட்டை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

கடைக்கு வந்து, தூள் எடுக்கிற அந்தக் கதிரையை வெட்டினேன். மூடி போட்ட கிரைண்டரால், கண்ணாடி போட்டுக்கொண்டு, குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெட்டினேன். புத்தி வருகிற காலத்தில் வந்தால் அதற்குப் பெயர் புத்தி. எனக்கு வந்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

கடைசியாகக் காட்டப் போன நாள்

சில மாதம் கழித்துக் கடைசித் தடவையாகக் காட்டப் போனோம். சுவரில் எழுத்துப் பலகை. இடது கண்ணால் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று வாசித்தான். வைத்தியர் இடது கண்ணை மூடச் சொன்னார்.

"இப்ப?"

"பலகை இரிக்கிது தெரியிது டொக்டர்."

"எழுத்து?"

"இல்ல."

புண் ஆறிவிட்டது, தழும்பு நடுவிலேயே நிற்கிறது என்றார். இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்து வைக்கலாமாம், கொழும்புக்கு எழுதி அனுப்புகிறேன், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். தவராசா சரி என்று தலையாட்டிவிட்டுத் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து எடுக்கப் போனான். நான் அங்கேயே நின்றேன்.

"டொக்டர், அண்டைக்கு அவன் சொன்னது பொய். அவன் எடுக்கல்ல. நான்தான் எடுத்தன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"அப்ப செட்டிபாளையம் பக்கத்தில மற்ற ஆக்களுக்கும் எடுக்கிறது நீங்கதானா?"

"ஓம்."

"உங்களத்தான் கனகாலமாத் தேடுறன்." கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. "உங்கட பக்கத்தால இரும்பு வேலைக்காரர், தோணி வேலைக்காரர் எண்டு எத்தினையோ பேர் வந்திருக்காங்க. கண்ணுல கீறல் இருக்கும். ஆர் எடுத்தது எண்டு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில். நானேதான் எடுத்தன். ஒராள் தன்ட இமையத் தானே பிரட்டிப் பிடிச்சு, தானே காம்பு விட்டு எடுக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தராவது உங்கட பேரைச் சொல்லல்ல."

"எத்தினை பேர் டொக்டர்?"

"நான் எண்ணல்ல" என்றார் அவர்.

வெளியே வந்தேன். அந்த நடைபாதையில் என் கதிரையில் சாய்ந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. நண்டு கொண்டுவந்தவரும் இங்கே காட்டிவிட்டுத்தான் வந்து தந்திருப்பார். அவர்கள் மரியாதைக்கு என்னிடம் கண்ணைக் காட்டியிருக்கிறார்கள், பார்வைக்கு இங்கே வந்து காட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடமும் என் கைராசி என்று நான் நினைத்திருந்தது அவர்களுடைய நல்ல குணம்.

தவராசா மருந்துப் பையோடு வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன அத்தான், இவ்வளவு நேரம்?"

"சொல்லிட்டன்டா."

"என்னத்த?"

"நான்தான் எடுத்தன் எண்டு."

அவன் நாக்கைத் தட்டினான். "என்னத்துக்கு அத்தான் அது? உங்களுக்கு மனம் நோகும் எண்டுதானே நாங்க ஒருத்தரும் சொல்லுறதில்ல."

"நாங்களா? நீயும் முதல்ல இஞ்ச வந்திரிக்கியா?"

"நீங்க எடுத்தாப் புறகு ரெண்டு மூணு தரம் வந்து காட்டிட்டுப் போயிரிக்கன். அரை நாள் வேலைதானே. மருந்து விட்டா மறுகா நல்லாப் போயிரும்."

"அப்ப இந்தத் தரம் மட்டும் ஏண்டா வராம இருந்த?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் கோபம் இல்லை. நான் மறந்துபோனதை நினைவூட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னான்.

"அரை நாள் கேட்டன்தானே அத்தான். நீங்கதான் விடல்லியே."

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது வாவியில் தோணிகள் நின்றன. இறால் படுகிற காலம், இந்தமுறை நல்லாப் படுமாம் என்று தவராசா ஏதேதோ கதைத்துக்கொண்டு வந்தான். நான் வேண்டுமென்றே அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் இருந்தால் நான் அழுவது அவனுக்குத் தெரியாது.